சிப்பிக்கு ஆபரேஷன் செய்த மத்தியானங்கள்

மத்தியானம் மூன்று மணி இருக்கும். உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியின் வடக்குச் சன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளை எனாமல் தட்டு, தட்டில் கடல் தண்ணீர், தண்ணீருக்குள் இருபது முத்துச்சிப்பிகள். கோலமாவு தூவுகிற மாதிரி மெந்தால் தூளைத் தண்ணீரின் மேல் தூவிவிட்டு நான் காத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றும் நடக்காது. சிப்பிகள் கல் மாதிரி கிடக்கும். கூரையில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும். வெளியே தோணிகளில் மூட்டை ஏற்றுகிறவர்களின் சத்தம் காற்று திரும்பும்போது கேட்கும், பிறகு கேட்காது.

அப்புறம் ஒரு சிப்பி, யாரோ பக்கத்தில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, மெல்ல வாய் திறக்கும். அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க வாய் திறந்து கிடக்கும். உள்ளே சாம்பலும் பழுப்புமாக மெல்லிய மடிப்புகள். விரலால் தொட்டாலும் மூடாது. மயக்கம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

காலை ஏழு மணியிலிருந்து ஆஸ்பத்திரி தியேட்டரில் நின்றுவிட்டு வந்திருப்பேன். சேலையில் ஈத்தர் வாசனை, மேசையில் மெந்தால் வாசனை, சன்னலில் உப்புக் காற்று. கண் தானாகச் சொக்கும். தூங்க வைக்கிறவளே தூங்கிவிடக் கூடாது என்று எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். அந்த மத்தியானங்களை நான் முழு விழிப்போடு வாழ்ந்தேனா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

போன வாரம் எழுதியதை, டிரெய்னிங் முடித்து முதன்முதலாக நர்ஸ் உடுப்போடு வார்டுக்குள் போன நாளோடு நிறுத்தியிருந்தேன். நடுவில் பத்து வருஷத்தைத் தாண்டி வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து வருஷமும் கட்டும் ஊசியும் காய்ச்சலுமாகப் போனவை. எழுபதுகள் பிறந்த பிறகுதான் என் கைக்கு இன்னொரு வேலை வந்தது.

நடுங்கும் கை

அவர் பெயர் பரமசிவம். விலங்கியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். முன்கையில் ஒரு கட்டி வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். தினமும் கட்டு மாற்ற வருவார். எங்களுடையது கன்னியாஸ்திரிகள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரி. நான் தியேட்டர் நர்ஸ் என்றாலும், ஆள் குறைந்த நாளில் கட்டுக் கட்டுகிற அறைக்கும் போவேன்.

ஒருநாள் அவர் புண்ணுக்குள் பஞ்சு இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இழை. இடுக்கியால் அதை மட்டும் பிடித்து வெளியே எடுத்தேன். அவர் தன் புண்ணைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்களால ஒரு சிப்பிக்கு ஆபரேஷன் பண்ண முடியுமா?”

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

பிறகு அவரே விளக்கினார். முத்துச்சிப்பியை மயக்கி, உடம்பில் சின்னதாக ஒரு வாசல் வெட்டி, சங்கைக் கடைந்து செய்த ஒரு மணியை உள்ளே வைக்க வேண்டும். கூடவே இன்னொரு சிப்பியின் ஓரத் தசையில் ஒரு கடுகளவு துண்டையும் மணியை ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டுதான் வளர்ந்து மணியைச் சுற்றி முத்து பூசும். பிறகு கூண்டில் போட்டுக் கடலில் தொங்கவிட வேண்டியதுதான். ஜப்பான்காரர்கள் செய்கிறார்கள், நம் கடற்கரையிலும் ஆங்காங்கே முயன்று பார்க்கிறார்கள், இந்த ஊர் உப்பு முதலாளி ஒருவர் தன் பழைய கிட்டங்கி ஒன்றை அதற்காக ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார் என்றார்.

எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். கைதான் ஒத்துழைக்கவில்லை. பிறந்ததிலிருந்தே ஒரு நடுக்கம். தேத்தண்ணி கொடுத்தால் பாதி சாஸரில் கிடக்கும். அவர் ஆபரேஷன் செய்த சிப்பிகள் எல்லாம் இரண்டு மூன்று நாளில் செத்துப்போயின. அதைச் சொல்லும்போது, பிள்ளை செத்த வீட்டில் பேசுகிற மாதிரி குரலை இறக்கிக்கொண்டார்.

போய்ப் பார்ப்போம் என்றுதான் போனேன். முதல் சிப்பி செத்தது. இரண்டாவதும் செத்தது. மூன்றாவது, மணியை வாங்கிக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் மயக்கம் தெளிந்து, கதவு சாத்துகிற மாதிரி வாயை மூடியது. ஒரு வாரம் கழித்தும் மூடித் திறந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நான் போகாத மத்தியானம் குறைவு.

சம்பளத்துக்காகப் போனேன் என்று சொன்னால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். அது காரணமில்லை. தியேட்டரில் டாக்டர் கையை நீட்டுவார், நான் கத்தியைக் கொடுப்பேன். எத்தனையோ வயிறு திறந்து மூடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அடுத்து என்ன கேட்பார் என்று அவர் கேட்பதற்கு முன்னே எனக்குத் தெரியும். ஆனால் கத்தி என் கையில் இருப்பது ஒரு நொடிதான். கிட்டங்கியில் கத்தி என் கையிலேயே இருந்தது. யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பாவின் வலது காது

வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா நான் டிரெய்னிங்கில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். என் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, வந்த வழியே போய்விட்டது.

அப்பா குளியாள். அதாவது முத்துக் குளித்தவர். மூச்சைப் பிடித்து, கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, கடலுக்கடியில் பார் என்கிற பாறைத் திட்டில் கிடக்கிற சிப்பியை வாரிக்கொண்டு வந்தவர். அதில் இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். எதையும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.

கடைசி முத்துக்குளிப்புச் சலாபங்கள் நடந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கடற்கரையில் கொட்டகைகள் முளைக்கும். எங்கிருந்தெல்லாமோ வியாபாரிகள் வருவார்கள். எனக்கு அவற்றையெல்லாம்விட அந்த நாற்றம்தான் மறக்கவில்லை. சிப்பியைக் குவித்து அழுக விட்டுவிடுவார்கள். சதை கரைந்து போனபிறகு கழுவி அரித்து முத்து தேடுவார்கள். ஊரே நாறும். தலைமுடிக்குள் அந்த வாடை ஏறி, ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூடப் பக்கத்தில் இருப்பவள் மேல் அடிக்கும். அந்த வாடையோடுதான் எல்லாரும் முழந்தாளிட்டு ஜெபம் சொன்னோம்.

ஒருநாள் அப்பா படகிலிருந்து இறங்கி வந்தார். காதிலிருந்து கழுத்து வரை ஒரு சிவப்புக் கோடு. அதைத் துடைக்காமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நர்ஸ் ஆனதற்கு அந்தக் கோடு காரணமா என்று ஒருவர் முன்பு கேட்டிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. சிஸ்டர்மார் வந்து கேட்டார்கள், நான் போனேன்.

கிட்டங்கி வேலையைப் பற்றி அப்பாவின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை காது கேட்கவில்லை, இரண்டாவது தடவை நம்பவில்லை.

“ஏளா, சிப்பிக்கா ஆபரேஷன் பண்ணுத?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

“நாங்க இருக்கா இல்லியான்னு தேடுனோம். நீங்க வச்சிட்டுத் தேடுதிய” என்றார். அது ஏளனமா பாராட்டா என்று தெரியவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

வள்ளத்தில் ஒரு தூக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து கூண்டுகளைப் பார்க்கப் போவோம். கரைக்குள் அடங்கின தண்ணீரில், சவுக்குக் கம்புகளைக் கட்டி ஒரு தெப்பம் மிதக்க விட்டிருந்தார்கள். அதிலிருந்து கூண்டுகள் தண்ணீருக்குள் தொங்கும். வள்ளத்தில் போய், ஒவ்வொன்றாகத் தூக்கி, பாசியைத் தேய்த்து, செத்ததை எடுத்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

தூரத்தில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்களிடம் வந்து சேர்வதற்குள் மெத்தென்று ஆகிவிடும். கரையில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும். நான் வள்ளத்தின் நடுவில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று அடங்கின மாதங்களில் வள்ளம் ஆடுவதே தெரியாது.

ஒருமுறை அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் நான் தண்ணீருக்கு அடியில் இருக்கிறேன். தலைக்கு மேலே எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு கட்டிலிலும் யாரோ மூச்சு விடுகிறார்கள். எனக்குப் பயமாக இல்லை. நாடி பார்ப்பதற்காகக் கையை மேலே நீட்டுகிறேன், எட்டவில்லை.

விழித்தபோது பரமசிவம் தெப்பத்தின் மேல் தனியாகப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் தேய்த்திருக்கிறார். என்னை எழுப்பக் கூடாது என்று.

அரிசியளவு கீறல்

எங்கள் மேட்ரன் மதர் கிளாரா. மலையாளப் பக்கத்துக் கன்னியாஸ்திரி. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் வெளியே வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். அது வேறு ஆஸ்பத்திரியில் போய் நர்ஸ் வேலை பார்ப்பதைத்தான் சொல்கிறது, சிப்பி அதில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மதரிடம் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குப் பக்கமாகச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கடைசிச் சிப்பி கையிலிருந்து வழுக்கியது. ஓட்டின் ஓரம் இடது ஆள்காட்டி விரலில் கீறிவிட்டது. ஒரு அரிசி நீளம்தான் இருக்கும். டிங்சர் வைத்தேன். காந்தியது, அடங்கியது.

மறுநாள் காலையில் விரல் ஓரத்தில் லேசாகச் சிவப்பு. தொட்டால் வலி. வலி இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

கையில் கீறல் இருந்தால் தியேட்டருக்குள் போகக் கூடாது, மதரிடம் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்கு வருகிற சின்னப் பெண்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் மதரிடம் சொன்னால், எப்படிக் கீறியது என்று கேட்பார். அன்றைக்கு இன்னொரு தியேட்டர் நர்ஸ் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தாள். நான் நிற்காவிட்டால் வேறு ஆளில்லை என்பது எனக்கு வசதியான சாக்காக இருந்தது.

அன்றைக்கு ஆபரேஷனுக்கு வந்தவள் பேச்சி. உப்பளத்தில் வேலை செய்கிறவள், முப்பது வயதுக்குள் இருப்பாள். குடல்வால் வீங்கி, வலி தாங்காமல் புருசனும் கொழுந்தனும் மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தை அவள் மாமியாரிடம் இருந்தது.

அந்தக் காலத்தில் ரப்பர் கையுறையைக் கழுவி, பொடி போட்டு, அவித்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. டாக்டர் தேவசகாயம் தையல் போட்டுவிட்டுப் போனபிறகு உறையைக் கழற்றினேன். இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஈரம். உறையைத் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்த்தேன். ஊசிக்கண் மாதிரி ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

நான் அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு உறையைக் குப்பையில் போட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானமும் கிட்டங்கிக்குப் போனேன். இதையும் எழுதியாக வேண்டும். சிப்பிகள் வாய் திறப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தியை மட்டும் எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சேலையும் போர்வையும் அடுக்குகிற அறை

மூன்றாம் நாள் பேச்சிக்குக் காய்ச்சல். நான்காம் நாள் தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. டாக்டர் இரண்டு தையலைப் பிரித்ததும் சீழ் வந்தது.

துணிகள் அடுக்குகிற அறையில் மதர் தனியாக இருந்தார். வெளுத்து வந்த போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டங்கி, சிப்பி, கீறல், ஓட்டை. சொல்லும்போது என் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்ட மாதிரி இருந்தது.

மதர் கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தார். பிறகு விரலைக் காட்டச் சொன்னார். பிடித்து அழுத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது.

“இதை நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமோ?”

“தெரிஞ்சிருக்காது மதர்.”

“பின்னே ஏன் சொன்னாய்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். விரலைக் கீறி, கட்டுப் போட்டார்கள். டாக்டர் தேவசகாயம் கோபக்காரர், ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. அந்தக் குடல்வால் உடைகிற நிலையில் இருந்தது, தானாகவே சீழ் பிடித்திருக்கலாம், உன் விரலால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

இன்றுவரை எனக்கும் தெரியாது. சில இரவுகளில் என் விரலால்தான் என்று தோன்றும். சில காலைகளில் இல்லை என்று தோன்றும். இரண்டையும் நான் விரட்டுவதில்லை.

பேச்சி கேட்டது

பேச்சியிடம் நான் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் டாக்டர் நினைத்தார். புண் ஆறத் தொடங்கி, காய்ச்சல் இறங்கின ஒரு சாயங்காலம், அவள் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் விரலில் கட்டு, அவள் வயிற்றில் கட்டு.

புண் சீழ் பிடித்ததற்கு நான் காரணமாக இருக்கலாம் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். சிப்பிக்குள் மணி வைப்பதைச் சொல்லும்போது அவள் கண் விரிந்தது. ஓட்டையைப் பற்றிச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“ஒங்கள அறுத்த அந்தச் சிப்பி பொழச்சிட்டா?”

தெரியாது, கடலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றேன்.

“எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் நர்சம்மா. பிள்ளையத் தூக்கி எத்தன நாளாச்சு. பாலும் வத்திப்போச்சு” என்றாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “ஆனா வந்து சொன்னிய. எங்க அளத்துல கால் வெடிச்சு ரெத்தம் வந்தாலும், ஒன் காலுதான் சரியில்லன்னு சொல்லுவாவ.”

அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். ஒரு கையால் வாருவது சிரமம். பின்னல் கோணலாக வரும். அவள் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பாள். மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனாள். அந்த வருஷம் உப்பு வாருகிற காலம் முடியும்வரை அவளால் வேலைக்குப் போக முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டில் ஒன்று

என் விரல் ஆறியதும் மதர் கூப்பிட்டார். கிட்டங்கியை விட்டுவிட்டால் மறுபடி தியேட்டருக்கு வரலாம். கிட்டங்கிதான் வேண்டும் என்றால், மேலே எழுதி அனுமதி வாங்கித் தருவார், ஆனால் அப்புறம் தியேட்டர் வாசல்படி மிதிக்கக் கூடாது, பிள்ளைகள் வார்டில்தான் வேலை. இரண்டு வேலையும் பார்க்கிறவள் உயிரோடு விளையாடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார்.

தியேட்டர் நர்ஸ் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய இடம். பத்து வருஷம் நின்று சம்பாதித்த இடம். அந்தப் பச்சை வெளிச்சம், கருவிகள் தட்டில் விழுகிற சத்தம், டாக்டரின் கை நீளுவதற்கு முன் என் கை நீளுவது, இவையில்லாமல் என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரத்தில் பரமசிவம் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் வந்து நின்றார். நான் வராத நாட்களில் அவரே முயன்று பார்த்திருக்கிறார். எல்லாம் போய்விட்டன. நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து தன்னால்தான் இதெல்லாம் என்று ஒரே புலம்பல். “நீங்க வரவேண்டாம் சிஸ்டர். அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார். சொல்லும்போது சைக்கிளின் மணி அவர் கை நடுக்கத்தில் லேசாகக் கிணுகிணுத்தது.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கிட்டங்கியைத்தான் சொல்லப் போகிறேன் என்று.

மதரிடம் போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். இந்த முறை பதில் இருந்தது. “அங்கன கத்தி என் கையில இருக்கு மதர்” என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அவரும் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டுக் கன்னியாஸ்திரி ஆனவர் என்று ரொம்ப வருஷத்துக்குப் பிறகு இன்னொரு சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து காலையில் பிள்ளைகள் வார்டு, புதன்கிழமை மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டி என்று எழுதிக்கொடுத்தார்.

நான் தியேட்டரிலிருந்து இறக்கப்பட்டேன் என்று ஊரில் பேசினார்கள். இறக்கித்தான் விட்டார்கள். இறங்கியும் வந்தேன். இரண்டும் உண்மை.

பிள்ளைகள் வார்டில் என்னால் முடியாது என்று நினைத்தேன். முடிந்தது. காய்ச்சலில் கிடக்கிற குழந்தைகள் மேல்மூச்சு வாங்குவதைக் கேட்டுக் கேட்டு, மத்தியானம் கிட்டங்கியில் சிப்பி மூச்சு விடுவதும் எனக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. சிப்பிக்குச் சத்தம் கிடையாது என்பார் பரமசிவம். நான் வாதாடவில்லை.

திறந்து பார்த்த நாள்

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பாதிக்கு மேல் கடலிலேயே செத்துவிட்டன. ஒருமுறை புயல்காற்றில் தெப்பத்தின் ஒரு மூலை அறுந்து போனது. மிச்சம் இருந்தவற்றை ஒரு புதன்கிழமை காலையில் கரைக்குக் கொண்டுவந்தோம். எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் டியூட்டி.

உப்பு முதலாளி வந்திருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாற்காலியில் உட்காராமல் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்பா கதவோரத்தில் நின்றார். வரச் சொல்லவில்லை, தானாகவே வந்திருந்தார்.

முதல் சிப்பியில் ஒன்றுமில்லை. மணியை வெளியே துப்பிவிட்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதோ ஆறாவதோ, மணி இருந்தது, ஆனால் மேலே கறுப்பாக ஒரு தோல் மட்டும். அண்ணாச்சி நடப்பதை நிறுத்திவிட்டார். பரமசிவம் ஒவ்வொன்றையும் திறக்கச் சொல்லி என்னிடம் தந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

எத்தனையாவது என்று நான் எண்ணவில்லை. சதையை விரலால் அழுத்தியபோது உள்ளே ஏதோ நழுவியது. கத்தி வேண்டியிருக்கவில்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. முழு உருண்டையுமில்லை. லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்தேன். சன்னல் வெளிச்சம் அதற்குள் போய், எங்கேயோ ஆழத்தில் நின்று, மெதுவாகத் திரும்பி வந்தது.

அப்பா பக்கத்தில் வந்து, அதை எடுத்து, பல்லில் லேசாக உரசிப் பார்த்தார். திரும்ப என் கையில் வைத்தார். “முத்துதான்” என்றார்.

அன்றைக்கு இன்னும் சில கிடைத்தன. முதலில் கிடைத்ததை அண்ணாச்சி ஒரு பஞ்சில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு பத்திரிகையில் படம் வந்தது. அண்ணாச்சி, பரமசிவம், நடுவில் ஒரு தட்டு. என் பெயர் அதில் இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அண்ணாச்சிக்கு ஆர்வம் குறைந்து கிட்டங்கியில் மறுபடி உப்பு மூட்டை அடுக்கினார்கள். பரமசிவம் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். நான் பிள்ளைகள் வார்டிலிருந்துதான் ரிட்டையர் ஆனேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையெல்லாம் இல்லை. அந்தப் புதன்கிழமை ஒன்றரை மணிக்குக் கிளம்பும்போது, பரமசிவம் தன் பெரிய நோட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அதுவரை நான் அந்த நோட்டைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு வரி. ஆபரேஷன் செய்த நாள், கூண்டு, இப்போது கிடைத்தது என்ன என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார். நடுவில் ஒரு கட்டத்துக்கு மேலே ‘சர்ஜன்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதன் கீழே, நடுங்கின எழுத்தில், பக்கம் பக்கமாக, என் பெயர். மெற்றில்டா, மெற்றில்டா, மெற்றில்டா.

வேறு என்ன எழுத சிஸ்டர் என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ரயில் தண்டவாளத்தை ஒட்டின பாதையில் நடந்தேன். வெயிலில் கண் கூசவில்லை. எதிரே வந்த யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள், நானும் ஏதோ சொன்னேன்.

வார்டு வாசலில் மதர் கிளாரா நின்றிருந்தார். என்றைக்கும் அந்த நேரத்தில் அங்கே நிற்பவரில்லை.

“கிட்டியோ?” என்றார்.

“கிடைச்சுது மதர்.”

“யார் செய்தது?”

“நான்தான் செஞ்சேன்” என்றேன். அதை என் வாயால் அதுவரை சொன்னதில்லை.

மதர் தலையை ஆட்டினார். ஜன்னலோரக் கட்டில் குழந்தைக்குக் காலையிலிருந்து நூற்று மூன்று டிகிரி, அம்மாக்காரி அழுதுகொண்டிருக்கிறாள், போய்ப் பார் என்றார். போனேன். குழந்தை என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. விரலை எடுத்தால் விழித்துவிடும் என்று, காய்ச்சல் இறங்கி வியர்க்கிற வரைக்கும் நான் அங்கேயே குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.